தானுந்தின் எடைக் குறைப்பும் பொறித் திறன் மிகுப்பும்

தானுந்தின் எடைக் குறைப்பு, பொறித் திறன் மிகுப்பு ஆகிய இரண்டும் ஒரு தானுந்தின் (கார்) செயல்பாட்டை உயர்த்துவதற்குப் பொறியாளர்கள் கையாளும் இரு வேறு வழிகள் ஆகும். முதல் வழியில் வண்டியின் நிறை குறைக்கப்படுகிறது. இரண்டாம் வழியில் பொறி வெளியிடும் திறன் (வலு) கூட்டப்படுகிறது. முடுக்கத்தை மட்டும் கருதினால் இவ்விரு வழிகளும் ஏறத்தாழ ஒரே பயனைத் தருகின்றன. ஆனால் பிரேக் பிடித்தல், வளைவில் திரும்புதல், எரிபொருள் செலவு ஆகியவற்றில் எடைக் குறைப்பே பயன் தருகிறது. பெரும வேகத்தை உயர்த்துவதில் மட்டும் திறன் மிகுப்பு தெளிவாக முந்துகிறது. இவ்வேறுபாட்டுக்கான காரணங்களை நியூட்டனின் இயக்க விதிகளைக் கொண்டு எளிதாக விளக்கலாம்.

அடிப்படைச் சொற்கள்

இயற்பியலில் நிறை என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவாகும். எடை என்பது அந்நிறையின் மீது புவி செலுத்தும் ஈர்ப்பு விசையாகும். அன்றாட வழக்கில் இரண்டும் ஒரே பொருளில் ஆளப்படுகின்றன. தானுந்துத் துறையிலும் வண்டியின் எடை கிலோகிராமிலேயே குறிக்கப்படுகிறது. இக்கட்டுரையிலும் அவ்வழக்கே பின்பற்றப்படுகிறது.

திறன் என்பது வேலை செய்யப்படும் வீதமாகும். இதன் அனைத்துலக அலகு வாட் ஆகும். தானுந்துகளின் திறன் கிலோவாட்டிலோ குதிரைத்திறனிலோ தரப்படுகிறது. ஒரு மெட்ரிக் குதிரைத்திறன் ஏறத்தாழ 0.7355 கிலோவாட்டுக்குச் சமமாகும்.

திறன்-எடை விகிதம்

ஒரு வண்டியின் திறனை அதன் எடையால் வகுத்துக் கிடைப்பது திறன்-எடை விகிதம் எனப்படும். இரு தானுந்துகளின் முடுக்கத்தை ஒப்பிட இது பெரிதும் பயன்படுகிறது. ஓட்டுநர் உட்பட 1200 கி.கி எடையும் 75 கிலோவாட் (ஏறத்தாழ 102 குதிரைத்திறன்) திறனும் உடைய ஒரு தானுந்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதன் விகிதம் டன்னுக்கு 62.5 கிலோவாட் ஆகும். இவ்வண்டியில் செய்யப்படும் மாற்றங்களின் விளைவு வருமாறு:

- திறனை 10 விழுக்காடு கூட்டினால் (82.5 கிலோவாட்): டன்னுக்கு 68.8 கிலோவாட்
- எடையை 10 விழுக்காடு குறைத்தால் (1080 கி.கி): டன்னுக்கு 69.4 கிலோவாட்
- இரண்டையும் ஒருங்கே செய்தால்: டன்னுக்கு 76.4 கிலோவாட்

எடை இவ்விகிதத்தின் பகுதியில் (கீழ் எண்ணில்) அமைந்திருப்பதால், அதைக் குறைக்கும்போது கிடைக்கும் பயன் நேர்விகிதத்தைவிடச் சற்று மிகுதியாக உள்ளது. எடை 10 விழுக்காடு குறைந்தால் விகிதம் 11.1 விழுக்காடு உயர்கிறது. எடை 20 விழுக்காடு குறைந்தால் விகிதம் 25 விழுக்காடும், எடை பாதியானால் விகிதம் 100 விழுக்காடும் உயர்கின்றன.

குறைக்கப்படும் ஒவ்வொரு கிலோகிராமின் மதிப்பும் வண்டிக்கு வண்டி மாறுபடும். மேற்கண்ட தானுந்தில் 120 கி.கி எடையை நீக்குவது 8.3 கிலோவாட் திறனைக் கூட்டுவதற்குச் சமமாகும். அதே எடையும் 225 கிலோவாட் திறனும் உடைய விரைவுத் தானுந்து ஒன்றில், அதே 120 கி.கி குறைப்பு 25 கிலோவாட்டுக்குச் சமமாகிறது.

முடுக்கம்

நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, முடுக்கம் = விசை ÷ நிறை. சக்கரங்கள் தரையில் செலுத்தும் விசை மிகுந்தாலும் வண்டியின் நிறை குறைந்தாலும் முடுக்கம் உயரும். இதனை ஆற்றல் வழியாகவும் நோக்கலாம். நிலையாக நிற்கும் 1200 கி.கி தானுந்து ஒன்று மணிக்கு 100 கி.மீ வேகத்தை எட்டும்போது அது பெறும் இயக்க ஆற்றல் 463 கிலோஜூல் ஆகும். 75 கிலோவாட் திறன் முழுவதும் இடையறாது சக்கரங்களைச் சென்றடைந்தால் இவ்வாற்றலைத் தர 6.2 வினாடிகள் போதும். எடையை 10 விழுக்காடு குறைத்தாலும் திறனை 10 விழுக்காடு கூட்டினாலும் இந்நேரம் ஏறத்தாழ 5.6 வினாடிகளாகக் குறைகிறது.

நடைமுறையில் இந்நேரம் இவற்றைவிட மிகவும் கூடுதலாக இருக்கும். பொறி தன் உச்சத் திறனைக் குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் மட்டுமே தருகிறது. கியர் மாற்றும்போது விசை தடைபடுகிறது. திறனின் ஒரு பகுதி பல்சக்கரங்களின் உராய்வில் வெப்பமாக இழக்கப்படுகிறது.

திறன் மிகுந்த வண்டிகளில் மற்றொரு வரம்பும் குறுக்கிடுகிறது. டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு தாங்கக்கூடிய அளவைவிட மிகுதியான விசை செலுத்தப்பட்டால், சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும். எனவே புறப்படும் கட்டத்தில் ஓரளவுக்கு மேல் திறனைக் கூட்டுவதால் பயனில்லை. இவ்வுராய்வு வரம்பு சக்கரங்களின் மீதுள்ள எடைக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் இருப்பதால், அக்கட்டத்தில் எடைக் குறைப்பாலும் பெரும்பயன் இல்லை. இந்நிலையில் நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்தல், உராய்வு மிகுந்த டயர்களைப் பயன்படுத்துதல் ஆகியனவே தீர்வுகளாகும்.

பெரும வேகம்

சமதளச் சாலையில் ஒரு தானுந்து எட்டக்கூடிய பெரும வேகத்தை முதன்மையாகக் காற்றுத் தடையே வரையறுக்கிறது. காற்றுத் தடை வண்டியின் வடிவம், முகப்புப் பரப்பு, வேகத்தின் இருமடி ஆகியவற்றைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததன்று. அத்தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. டயர்களின் உருளல் தடை எடையைப் பொறுத்தது எனினும், உயர் வேகங்களில் அதன் பங்கு சிறிதே.

மேற்கண்ட 1200 கி.கி தானுந்தின் காற்றுத் தடைக் கெழு 0.30, முகப்புப் பரப்பு 2.2 சதுர மீட்டர், உருளல் தடைக் கெழு 0.012 எனவும், பொறித் திறனில் 88 விழுக்காடு சக்கரங்களை அடைகிறது எனவும் கொண்டு கணக்கிட்டால் கிடைக்கும் பெரும வேகங்கள் வருமாறு:

- மாற்றம் இல்லாத நிலையில்: மணிக்கு ஏறத்தாழ 190 கி.மீ
- திறன் 10 விழுக்காடு கூடினால்: மணிக்கு ஏறத்தாழ 197 கி.மீ
- எடை 10 விழுக்காடு குறைந்தால்: மணிக்கு ஏறத்தாழ 191 கி.மீ

ஆகவே பெரும வேகமே நோக்கமாயின் திறனைக் கூட்டுவதோ காற்றுத் தடையைக் குறைப்பதோ தான் ஏற்ற வழியாகும். இருவிதப் பேரூந்துதிறன் தானுந்துகள் இதனை நன்கு காட்டுகின்றன. கோர்டன் மரே வடிவமைத்த மெக்லாரன் எஃப்1 தானுந்து 627 குதிரைத்திறனும் 1138 கி.கி எடையும் உடையது. 2005 இல் வெளிவந்த புகாட்டி வேரோன் 1001 குதிரைத்திறனும் 1888 கி.கி எடையும் உடையது. மெக்லாரனின் விகிதம் டன்னுக்கு 551 குதிரைத்திறன். புகாட்டியின் விகிதம் டன்னுக்கு 530 மட்டுமே. எனினும் 1998 இல் மெக்லாரன் எட்டிய வேகம் மணிக்கு ஏறத்தாழ 386 கி.மீ ஆக இருக்க, 2005 இல் புகாட்டி மணிக்கு ஏறத்தாழ 408 கி.மீ வேகத்தை எட்டியது. பெரும வேகத்தில் விகிதத்தைவிட மொத்தத் திறனே முதன்மை பெறுவதை இது உணர்த்துகிறது. கூடுதலாகக் கிடைத்த 22 கி.மீ வேகத்துக்கு 374 குதிரைத்திறன் கூடுதலாகத் தேவைப்பட்டதும் இங்குக் கருதத்தக்கது.

ஏற்றம் ஏறுதல்

ஏற்றத்தில் செல்லும் வண்டி தன் எடையைப் புவியீர்ப்புக்கு எதிராக உயர்த்த வேண்டியுள்ளது. 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சாலையில் 1200 கி.கி தானுந்து மணிக்கு 80 கி.மீ வேகத்தில் ஏற, இவ்வேலைக்கு மட்டும் ஏறத்தாழ 21 கிலோவாட் தேவைப்படும். எடை 1080 கி.கி ஆனால் தேவை 19 கிலோவாட்டாகக் குறைகிறது. திறன் மிகுந்த பொறியும் அதே ஏற்றத்தை எளிதில் ஏறும். ஆனால் அது தேவையைக் குறைப்பதில்லை. தேவையை நிறைவு செய்யும் ஆற்றலை மட்டுமே தருகிறது.

சிறிய தானுந்துகளில் பயணிகளின் எடையும் பெரிதும் பாதிக்கிறது. 650 கி.கி எடையுள்ள வண்டியில் தலா 65 கி.கி எடையுள்ள ஐவர் அமர்ந்தால் மொத்த எடை 975 கி.கி ஆகிறது. அதாவது வெறும் வண்டியின் திறன்-எடை விகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு இழக்கப்படுகிறது. இலேசான வண்டிகள் சுமைக்கு ஏற்பத் தம் இயல்பை மிகுதியாக மாற்றிக்கொள்வதற்கு இதுவே காரணமாகும்.

பிரேக் பிடித்தலும் வளைவில் திரும்புதலும்

வண்டியை நிறுத்தும்போது அதன் இயக்க ஆற்றல் முழுவதும் பிரேக்குகளில் வெப்பமாக மாறுகிறது. இவ்வாற்றல் நிறைக்கு நேர்விகிதத்திலும் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமையும். எடை குறைந்தால் வெப்பமும் அதே விழுக்காட்டில் குறையும். மாறாக, திறன் கூட்டப்பட்ட வண்டி அடுத்த வளைவை மேலும் உயர்ந்த வேகத்தில் அணுகுவதால், அதன் பிரேக்குகள் முன்னிலும் மிகுதியான வெப்பத்தைத் தாங்க வேண்டியுள்ளது.

பள்ளிப் பாடநூல்களில் தரப்படும் எளிய உராய்வு விதிப்படி, நிற்கும் தொலைவும் வளைவில் செல்லத்தக்க வேகமும் நிறையைச் சார்ந்தவை அல்ல. நிறை கூடும்போது உராய்வு விசையும் அதே அளவில் கூடும் என்பது அவ்விதியின் கருத்து. ஆனால் ரப்பர் டயர்கள் இவ்விதியை முழுமையாகப் பின்பற்றுவதில்லை. டயரின் மீதுள்ள சுமை கூடக்கூட அதன் உராய்வுக் கெழு சிறிது சிறிதாகக் குறைகிறது. எனவே அதே டயர்களைக் கொண்ட இலேசான வண்டி தன் எடையுடன் ஒப்பிடுகையில் மிகுதியான பிடிப்பைப் பெறுகிறது. அது குறைந்த தொலைவில் நிற்கவும் வளைவில் விரைந்து செல்லவும் இயல்கிறது. பொறியின் திறனைக் கூட்டுவதால் இவ்விரு பயன்களும் கிடைப்பதில்லை.

சுழலும் நிறை

எல்லாக் கிலோகிராம்களும் சமமானவை அல்ல. சக்கரம், டயர் போன்ற சுழலும் உறுப்புகள் வண்டியுடன் முன்னோக்கி நகர்வதுடன் சுழலவும் வேண்டியுள்ளதால், அவற்றுக்கு இருவகை ஆற்றலும் தரப்பட வேண்டும். டயரின் வெளிவிளிம்பில் உள்ள ஒரு கிலோகிராம், முடுக்கத்தைப் பொறுத்தமட்டில், வண்டியின் உடற்பகுதியில் உள்ள ஏறத்தாழ இரண்டு கிலோகிராமுக்கு இணையாகும். மேலும் சக்கரங்கள் சுருள்வில்களால் தாங்கப்படாத உறுப்புகள் ஆகும். அவை இலேசாக இருந்தால் மேடுபள்ளங்களில் டயர் தரையை விட்டு எழும்பாமல் தொடர்ந்து தொட்டுச் செல்லும்.

எரிபொருள் செலவு

அடிக்கடி நின்று புறப்படும் நகரப் போக்குவரத்தில், ஒவ்வொரு முறையும் பெற்ற இயக்க ஆற்றல் பிரேக்கில் வீணாகிறது. இதனால் எடைக் குறைப்பின் பயன் நகரப் பயணத்தில் மிகுதியாகவும், சீரான வேகத்தில் செல்லும் நெடுஞ்சாலைப் பயணத்தில் குறைவாகவும் இருக்கும். வண்டியின் எடை 10 விழுக்காடு குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 8 விழுக்காடு வரை உயரக்கூடும் என அமெரிக்க எரிசக்தித் துறை குறிப்பிடுகிறது.

பொறியின் திறனைக் கூட்டுவது பொதுவாக எதிர்விளைவைத் தருகிறது. பெரிய பொறி குறைந்த சுமையில் இயங்கும்போது அதன் பயனுறுதிறன் குறைகிறது. சிறிய பொறியில் டர்போசார்ஜரைப் பொருத்தித் திறனைக் கூட்டுவது இக்குறையை ஓரளவு நீக்குகிறது.

தொடர் விளைவுகள்

எடை மாற்றம் ஓர் உறுப்புடன் நின்றுவிடுவதில்லை. உடற்கூடு இலேசானால் சிறிய பிரேக்குகளும், மெல்லிய சுருள்வில்களும், சிறிய எரிபொருள் கலனும், சிறிய பொறியும் போதுமானவை ஆகின்றன. அவை மேலும் எடையைக் குறைக்கின்றன.

திறன் மிகுப்பில் இதே சங்கிலி எதிர்த்திசையில் இயங்குகிறது. வலிமையான பொறிக்கு வலிமையான கிளட்சும், கியர்பெட்டியும், பெரிய ரேடியேட்டரும், அகலமான டயர்களும், பெரிய பிரேக்குகளும் தேவைப்படுகின்றன. இவை ஒவ்வொன்றும் எடையைக் கூட்டுவதால், கூட்டப்பட்ட திறனின் ஒரு பகுதி தன்னைத் தாங்கும் உறுப்புகளை இழுப்பதற்கே செலவாகிறது.

எடுத்துக்காட்டுகள்

லோட்டஸ் தானுந்துகள்

எடைக் குறைப்பை ஒரு வடிவமைப்புக் கொள்கையாகவே கொண்டவர் லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஆங்கிலேயப் பொறியாளர் காலின் சாப்மன் ஆவார். 1957 இல் வெளிவந்த லோட்டஸ் செவன் ஏறத்தாழ 500 கி.கி எடையே உடையது. அதன் தொடக்க வகையில் 40 குதிரைத்திறன் அளவிலான, ஃபோர்டு நிறுவனத்தின் எளிய 1172 கன செ.மீ பொறியே பொருத்தப்பட்டது. சாப்மனின் லோட்டஸ் 25 (1962), சுமைதாங்கும் ஒற்றைக்கூட்டு உடலைப் பார்முலா 1 பந்தயங்களில் நிலைநாட்டியது. பழைய குழாய்ச் சட்டகத்தைவிட இது இலேசாகவும் விறைப்பாகவும் இருந்தது.

சாப்மன் மறைவுக்குப் பின் 1996 இல் வெளிவந்த லோட்டஸ் எலிஸ், அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டி ஆக்கப்பட்ட 70 கி.கி அளவான சட்டகத்தைக் கொண்டது. வண்டியின் மொத்த எடை ஏறத்தாழ 725 கி.கி, திறன் ஏறத்தாழ 120 குதிரைத்திறன்.

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ

1976 இல் வெளிவந்த முதல் கோல்ஃப் ஜிடிஐ 110 குதிரைத்திறனும் ஏறத்தாழ 810 கி.கி எடையும் உடையது. 2004 இல் வெளிவந்த அதன் ஐந்தாம் தலைமுறை 200 குதிரைத்திறனும் ஏறத்தாழ 1300 கி.கி எடையும் உடையது. திறன் 82 விழுக்காடு உயர்ந்தும், திறன்-எடை விகிதம் டன்னுக்கு 136 இலிருந்து 154 ஆக, அதாவது 13 விழுக்காடு மட்டுமே உயர்ந்தது. எஞ்சிய திறன் கூடிய எடையை ஈடுசெய்யவே பயன்பட்டது. 80 குதிரைத்திறன் குறைவாக உள்ள லோட்டஸ் எலிஸின் விகிதம் (டன்னுக்கு 165) இதனைவிட உயர்ந்ததாகும்.

இவ்வெடைப் பெருக்கம் முழுவதும் வீண் எனக் கூற இயலாது. மோதலைத் தாங்கும் உடற்கூடு, காற்றுப்பைகள், குளிரூட்டி, ஒலித்தடுப்பு, கூடுதல் இடவசதி ஆகியவை இதில் அடங்கும். 2012 இல் அறிமுகமான ஏழாம் தலைமுறைக் கோல்ஃபில் எடை முந்தையதைவிட 100 கி.கி வரை குறைக்கப்பட்டது.

தானுந்துப் பந்தயங்களில்

பந்தய விதிகள் எடையின் முதன்மையை வெளிப்படையாக ஏற்கின்றன. பார்முலா 1 பந்தயங்களில் ஓட்டுநர் உட்பட வண்டியின் குறைந்தபட்ச எடை வரையறுக்கப்பட்டுள்ளது. 2008 இல் 605 கி.கி ஆக இருந்த இவ்வளவு, கலப்பின மின் அமைப்புகள், பாதுகாப்புக் கட்டமைப்புகள் முதலியவற்றால் 2022 இல் 798 கி.கி ஆக உயர்ந்தது. இப்பந்தயங்களில் 10 கி.கி கூடுதல் எரிபொருள் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 வினாடி தாமதத்தைத் தரும் எனப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. ஜப்பானின் சூப்பர் ஜிடி பந்தயத் தொடரில், வெற்றி பெறும் வண்டிகளுக்குக் கூடுதல் எடை ஏற்றிப் போட்டியைச் சமன்செய்யும் முறை உள்ளது.

எடைக் குறைப்பின் வழிகளும் வரம்புகளும்

எடையைக் குறைக்கப் பின்வரும் வழிகள் கையாளப்படுகின்றன:

- உயர்வலிமை எஃகு: குறைந்த தடிமனில் அதே வலிமையைத் தருகிறது. செலவு குறைவு என்பதால் பரவலாகப் பயன்படுகிறது.
- அலுமினியம்: இதன் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்கே என்பதால் தடித்த தகடுகள் தேவைப்படுகின்றன. ஆகவே எடை மூன்றில் ஒன்றாகக் குறைவதில்லை. 1994 இல் வெளிவந்த ஆடி ஏ8 அலுமினிய உடற்கூட்டைக் கொண்டிருந்தது. 2015 ஆம் ஆண்டு வகை ஃபோர்டு எஃப்-150 சரக்குந்தின் எடை, அலுமினிய உடலால் பெரும்பகுதியாக, 318 கி.கி வரை குறைந்தது.
- கரிமநார்க் கலவை: மிக இலேசானதும் விறைப்பானதும் ஆகும். விலை மிகுதி, பழுதுபார்ப்பது கடினம். 2013 இல் உற்பத்தி தொடங்கிய பிஎம்டபிள்யூ ஐ3 மின் தானுந்தின் பயணிகள் கூடு இதனால் ஆக்கப்பட்டது.
- உறுப்புகளை நீக்குதல்: பின்னிருக்கை, ஒலித்தடுப்பு போன்றவற்றை நீக்குவது செலவற்ற வழி. ஆயினும் வசதி குறைகிறது.

செலவே இதன் முதன்மை வரம்பாகும். டர்போசார்ஜர் பொருத்தப்பட்ட பொறியில் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றித் திறனை ஓரளவு கூட்டுவது எளிது. அதே பயனைத் தரும் எடைக் குறைப்புக்கு உடற்கூட்டையே மறுவடிவமைக்க நேரிடலாம்.

வலிமை மற்றொரு வரம்பாகும். அளவுக்கு மீறி மெலிக்கப்பட்ட உறுப்பு முறியக்கூடும். 1960 இல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத் தடத்தில் பயிற்சியின்போது, ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸ் 18 வண்டியின் சக்கரம் கழன்றதால் அவர் இரு கால்களும் முறிந்து படுகாயமுற்றார். லோட்டஸ் பந்தய வண்டிகள் வேகமானவை எனினும் எளிதில் முறிபவை என்னும் திறனாய்வு சாப்மன் காலம் முழுவதும் தொடர்ந்தது.

மோதல் பாதுகாப்பு

நேருக்கு நேர் மோதலில் இலேசான வண்டி மிகுதியான பாதிப்புக்குள்ளாகிறது. 1000 கி.கி, 2000 கி.கி எடையுள்ள இரு தானுந்துகள் ஒவ்வொன்றும் மணிக்கு 50 கி.மீ வேகத்தில் எதிரெதிராக மோதி ஒட்டிக்கொண்டால், உந்த அழிவின்மை விதிப்படி இரண்டும் கனமான வண்டியின் திசையில் மணிக்கு ஏறத்தாழ 17 கி.மீ வேகத்தில் நகரும். கனமான வண்டியின் வேக மாற்றம் 33 கி.மீ, இலேசான வண்டியின் வேக மாற்றம் 67 கி.மீ. அதாவது இலேசான வண்டியில் உள்ளோர் இருமடங்கு மாற்றத்துக்கு ஆளாகின்றனர்.

இதனால் கனமான வண்டியே பாதுகாப்பானது என்னும் எண்ணம் எழுகிறது. ஆனால் ஒருவர் பெறும் அப்பாதுகாப்பு எதிர்வண்டியில் உள்ளவரின் இழப்பில் கிடைப்பதாகும். நடந்து செல்வோருக்கும் இருசக்கர வண்டிகளில் செல்வோருக்கும் எவ்வகைத் தானுந்தும் கனமானதே. சாலையில் உள்ள மிகக் கனமான வண்டிகளின் எடையைக் குறைப்பது, எடை வேறுபாட்டைக் குறைத்து ஏனையோரின் பாதுகாப்பை உயர்த்தும்.

மின் தானுந்துகளில்

மின்னோடிகளில் பெருந்திறனைப் பெறுவது எளிது. மின்கலத்தொகுதியின் எடையே சிக்கலாகும். ஜிஎம்சி ஹம்மர் மின் வண்டியின் தொடக்க வகை ஏறத்தாழ 1000 குதிரைத்திறனையும் 4100 கி.கி அளவான எடையையும் கொண்டது. நிற்கும் நிலையிலிருந்து மணிக்கு 97 கி.மீ வேகத்தை ஏறத்தாழ 3 வினாடிகளில் அது எட்டும் என நிறுவனம் அறிவித்தது. திறனால் எடையை முடுக்கத்தில் ஈடுசெய்ய இயலும் என்பதற்கு இது சான்றாகும். எனினும் டயர் தேய்மானம், மோதலின் விளைவு, ஆற்றல் செலவு ஆகியவற்றில் அவ்வெடை அப்படியே எஞ்சுகிறது. மின் தானுந்துகள் பிரேக் பிடிக்கும்போது இயக்க ஆற்றலின் ஒரு பகுதியை மீட்டுக்கொள்வதால், ஆற்றல் செலவைப் பொறுத்தமட்டில் எடையின் தீங்கு அவற்றில் சற்றுக் குறைவாகும்.

ஒப்பீட்டுச் சுருக்கம்

- முடுக்கம்: இரண்டும் ஏறத்தாழச் சமம்
- பெரும வேகம்: திறன் மிகுப்பே சிறந்தது
- ஏற்றம் ஏறுதல்: இரண்டும் உதவும், எடைக் குறைப்பு ஆற்றலையும் மிச்சப்படுத்தும்
- பிரேக், வளைவுகள், டயர் தேய்மானம்: எடைக் குறைப்பே சிறந்தது
- எரிபொருள் சிக்கனம்: எடைக் குறைப்பே சிறந்தது
- செலவு: பெரும்பாலும் திறன் மிகுப்பே மலிவானது
- மோதலில் தன் பாதுகாப்பு: எடை மிகுதி உதவும்
- மோதலில் பிறர் பாதுகாப்பு: எடைக் குறைவு உதவும்

இவற்றையும் பார்க்கவும்

- நியூட்டனின் இயக்க விதிகள்
- குதிரைத்திறன்
- உராய்வு
- காற்றுத் தடை
- உள் எரி பொறி